ஊடாடும் டிஜிட்டல் கலையில் அறிவியல் எங்கே இருக்கிறது?

குடியாத்தத்திலிருந்து தினமும் பேருந்தில் வேலூருக்கு வந்து இயற்பியல் இளநிலை இறுதியாண்டு படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருப்பது இது: பெங்களூரில் ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தாராம். நடந்தால் தரையில் ஒளி விலகியதாம், கையை நீட்டினால் சுவரில் பூ மலர்ந்ததாம். அழகாக இருந்தது, ஆனால் அதில் அறிவியல் எங்கே, கலை எங்கே என்று சொல்லத் தெரியவில்லை என்கிறார். பொறியியல் படிக்காத ஒருவர் வேலூரில் இருந்துகொண்டு இப்படி ஒன்றைச் செய்ய முடியுமா என்றும் கேட்கிறார்.

இரண்டாவது கேள்விக்கு விடை எளிது. முடியும், செலவும் நீங்கள் நினைக்கும் அளவு ஆகாது. முதல் கேள்விதான் கடினமானது. கருவியியல் கற்பித்துக்கொண்டே இப்படிச் சில படைப்புகளைச் செய்து பார்த்தவன் என்ற முறையில் அதற்கே கூடுதல் இடம் ஒதுக்குகிறேன்.

ஓவியமும் சிற்பமும் நாம் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டவை. நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் வேலூர்க் கோட்டைக்குள் சலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களில் குதிரைகள் முன்னங்கால்களைத் தூக்கியபடியேதான் நிற்கும். ஊடாடும் படைப்பில் ஏதோ ஒரு கருவி உங்கள் செயலை அளக்கிறது. அளந்ததைக் கொண்டு ஒரு நிரல் முடிவெடுக்கிறது. அந்த முடிவு ஒளியாகவோ ஒலியாகவோ அசைவாகவோ வெளிப்படுகிறது. அதைக் கண்ட நீங்கள் உங்கள் செயலை மாற்றுகிறீர்கள். மாறிய செயலைக் கருவி மறுபடி அளக்கிறது. இந்தச் சுற்று ஓடும் வரைதான் அது படைப்பு. ஆள் போய்விட்டால் அங்கே மிஞ்சுவது காத்திருக்கும் சில கருவிகள் மட்டுமே. ஆகவே, பொத்தானை அழுத்தினால் காணொளி ஓடத் தொடங்குவதை நான் ஊடாட்டம் என்று சொல்ல மாட்டேன். வீட்டுச் சுவிட்சும் அதைத்தான் செய்கிறது. நான்கு சுவர்களிலும் புகழ்பெற்ற ஓவியங்களைப் பெரிதாக்கிக் காட்டி, நடுவில் நின்று படம் எடுத்துக்கொள்ள வைக்கும் கூடங்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். கண்ணுக்கு அவை விருந்தாக இருக்கலாம். ஆனால் கூடத்தில் ஒருவரும் இல்லாதபோதும் அதே காட்சி அதே வரிசையில்தான் ஓடும்.

இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர் மைரன் குரூகர் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர். 1970-இல் அவர் ஒரு படைப்பை ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது, வெவ்வேறு இடங்களில் இருந்த அவரும் அவருடைய நண்பரும் ஒரே வீடியோ படத்தில் தங்கள் கைகளைக் காட்டித் தொழில்நுட்பச் சிக்கல் ஒன்றைப் பேசிக்கொண்டிருந்தார்கள். குரூகருடைய கையின் படம் நண்பருடைய கையின் படத்தின்மேல் விழுந்ததும், நண்பர் தம் கையைச் சட்டென்று நகர்த்திக்கொண்டார். தொட்டது வெறும் பிம்பம்தான். இருந்தாலும் இடித்துவிட்டவரைப் போல அவர் ஒதுங்கினார். உடல் தன் பிம்பத்தையும் தன் பகுதியாகவே எடுத்துக்கொள்கிறது என்று அந்த நொடியில் கண்டுகொண்ட குரூகர், 1970களின் நடுவில் தொடங்கிப் பல ஆண்டுகள் வளர்த்த ‘வீடியோபிளேஸ்’ என்ற படைப்பை அதன்மேல்தான் கட்டினார். அதில் பார்வையாளரின் நிழலுருவம் திரையில் தோன்றும். கணினி உருவாக்கிய சிற்றுருவங்களோடு அந்த நிழல் விளையாடும். கையில் உறை, தலையில் கருவி என்று எதையும் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார்.

ஏறக்குறைய அதே காலத்தில், நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் பிலிப்ஸ் நிறுவனத்தின் காட்சிக்கூடத்தில் எட்வர்ட் இஹ்னாடோவிச் ‘சென்ஸ்டர்’ என்ற நகரும் சிற்பத்தை நிறுவினார். சில மீட்டர் நீளமுள்ள இரும்புக் கழுத்து. அதன் மூட்டுகள் சிங்கி இறாலின் கொடுக்கைப் பார்த்து அமைக்கப்பட்டவை. தலையில் மைக்ரோஃபோன்களும் அசைவை உணரும் ரேடாரும். மெல்லிய ஒலி கேட்டால் அந்தப் பக்கம் தலை திரும்பும். கூச்சல் போட்டாலோ வேகமாகக் கையை ஆட்டினாலோ பின்வாங்கும். விதிகள் இவ்வளவுதான், ஆனால் வந்தவர்கள் அதை ஒரு பிராணியைப் போலவே நடத்தினார்கள். அதை இயக்கிய கணினியின் திறன் இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் போனோடு ஒப்பிடத் தக்கதே அல்ல. படைப்பின் வலிமை கருவியின் வலிமையைப் பொறுத்தது என்று யாராவது உங்களிடம் சொன்னால், சென்ஸ்டரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இப்படைப்புகளில் அறிவியல் மூன்று நான்கு விதமாக நுழைகிறது. எல்லாம் ஒரே தரம் அல்ல. மிக மலிவான விதம், அறிவியல் படங்களை அலங்காரமாக ஒட்டுவது: டி.என்.ஏ. ஏணி சுழலும், விண்மீன் கூட்டம் மின்னும், நீங்கள் கையை ஆட்டினால் கொஞ்சம் வேகமாக மின்னும். அந்த ஏணிக்குப் பதில் வாழைக்குலையைச் சுழல விட்டாலும் படைப்பில் ஒன்றும் மாறாது என்றால், அங்கே அறிவியல் இல்லை. சென்சாரும் கேமராவும் நிரலும் இருப்பதாலேயே அறிவியல் இருப்பதாகச் சொல்வதும் சரியல்ல. அது தொழில்நுட்பம், கட்டாயம் வேண்டியது, ஆனால் மேடைக்குக் கீழே இருப்பது. நான் மதிக்கும் விதம் வேறு. வந்தவர் எதையோ செய்கிறார். படைப்பு ஏதோ ஒரு விதிப்படி பதில் சொல்கிறது. அந்த விதி என்ன என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. அவர் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கிறார், மறுபடியும் மாற்றிப் பார்க்கிறார், ஊகிக்கிறார், ஊகத்தைச் சோதிக்கிறார். ஆய்வகத்தில் நாம் செய்வதும் இதுவே. வந்தவரைச் சோதனை செய்பவராக மாற்றும் படைப்பில்தான் அறிவியல் உள்ளே இருக்கிறது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஸ்காட் ஸ்னிபி 1998-இல் செய்த ‘பவுண்டரி ஃபங்ஷன்ஸ்’. ஒரு தரை, மேலே கேமராவும் புரொஜெக்டரும். ஒருவர் மட்டும் நின்றால் ஒன்றும் நடக்காது. இரண்டாமவர் வந்தவுடன் இருவருக்கும் சரிநடுவில் ஒரு ஒளிக்கோடு விழும். மூன்றாமவர் வந்தால் தரை மூன்றாகப் பிரியும். யார் நகர்ந்தாலும் எல்லைகள் கூடவே நகரும். ஒவ்வொருவருக்கும் மிக அருகில் உள்ள நிலம் அவரவருக்கு என்பதே விதி. கணிதத்தில் இது வொரொனோய் வரைபடம். மழையளவு கணக்கிடுபவர்கள் இதையே தீசன் பலகோணம் என்பார்கள்: ஒரு வட்டாரத்தில் அங்குமிங்கும் சில மழைமானிகள்தான் இருக்கும்போது, எந்த நிலத்துக்கு எந்த மானியின் அளவை எடுத்துக்கொள்வது என்று பிரிக்க 1911 முதல் பயன்படுகிற முறை அது. பாலாற்றுப் படுகையின் மழையைச் சராசரி பார்க்க உதவும் அதே கோடு, உங்களுக்கும் பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாத ஒருவருக்கும் நடுவில் விழுந்து, நீங்கள் எட்டு வைத்தால் அவருடைய இடம் சுருங்குவதைக் காட்டுகிறது. இங்கே கணிதத்தை எடுத்துவிட்டால் கலை நிற்காது. ஆளை எடுத்துவிட்டால் கணிதம் தெரியாது.

கிறிஸ்டா சொம்மரரும் லாரன் மின்யோனோவும் 1992-இல் செய்த படைப்பில் உண்மையான தொட்டிச் செடிகள் வரிசையாக இருக்கும். மனிதக் கை நெருங்கும்போதும் தொடும்போதும் செடிக்கும் உடலுக்கும் இடையே ஏற்படும் மிகச் சிறிய மின்னழுத்த வேறுபாட்டை அளந்து, அதற்கேற்பத் திரையில் செயற்கைச் செடிகளை வளர விட்டார்கள். மெக்சிகோவில் பிறந்த ரஃபேல் லொசானோ-ஹெம்மரின் ‘பல்ஸ் ரூம்’ 2006-ஐச் சேர்ந்தது: கூரையிலிருந்து நூற்றுக்கணக்கான குண்டு பல்புகள் தொங்கும், ஒரு பிடியைப் பற்றினால் உங்கள் நாடித்துடிப்பில் ஒரு பல்பு துடிக்கத் தொடங்கும், அடுத்தவர் பற்றும்போது உங்கள் துடிப்பு அடுத்த பல்புக்குத் தள்ளப்படும், கூடம் முழுவதும் முன்பு வந்துபோனவர்களின் துடிப்புகள். மருத்துவமனையால் அறியப்பட்ட நம் ஊரில் நாடியை அளப்பது யாருக்கும் புதிதல்ல. கொரோனா காலத்தில் விரலில் மாட்டிய அந்தக் கவ்வி, சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்தி, ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று பார்க்கிறது. அதே அமைப்பை ஒரு சிறு பலகையாகச் சில நூறு ரூபாய்க்கு வாங்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நாடி ஒருவருடைய உடல்நலச் செய்தி. அளந்ததைச் சேமிப்பதில்லை என்று முன்கூட்டியே எழுதி வைப்பதும், சொன்னபடியே சேமிக்காமல் இருப்பதும் மரியாதை.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்தை நீங்கள் அறிவீர்கள். இப்போது அது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருந்தாலும், பழைய வட ஆர்க்காட்டுக்காரர்களுக்கு அது நம்முடையதுதான். அங்கே உள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பற்றித்தான் பலரும் பேசுவார்கள். அதற்கு முந்தைய, 1972-இல் நிறுவப்பட்ட ஒரு மீட்டர் தொலைநோக்கி செய்த ஒரு வேலை எனக்குப் பிடித்தமானது. 1977 மார்ச் 10 இரவு யுரேனஸ் கோள் ஒரு மங்கலான விண்மீனுக்கு முன்னால் கடந்தது. கோள் விண்மீனை மறைப்பதற்கு முன்னும் பின்னும் அதன் ஒளி சில தடவை சட்டென்று குறைந்து மீண்டது. கோளைச் சுற்றி வளையங்கள் இருக்கின்றன என்பது அப்படித்தான் உலகுக்குத் தெரிந்தது. வளையங்களைக் கண்டறிந்த பெருமை விமானத்தில் பறந்து பார்த்த அமெரிக்கக் குழுவைச் சேர்ந்தது; அந்த இரவின் ஒளிக்குறைவைப் பதிவு செய்த சில ஆய்வகங்களில் காவலூரும் ஒன்று. யாரும் வளையத்தைப் பார்க்கவில்லை. ஒரு புள்ளி வெளிச்சம் எப்போது குறைந்தது என்று மட்டும் பார்த்தார்கள்.

இதைப் பள்ளிக் கண்காட்சி ஒன்றுக்காக ஊடாடும் படைப்பாகச் செய்ய முயன்றேன். இருட்டாக்கிய வகுப்பறையின் ஒரு கோடியில் சிறிய எல்.இ.டி. விளக்கு, மறு கோடியில் கறுப்புக் குழாய்க்குள் ஒளியுணரி, அதை ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையில் இணைத்து, வரும் அளவை எதிர்ச் சுவரில் நகரும் கோடாகக் காட்டினோம். குழந்தைகள் விளக்குக்கும் உணரிக்கும் நடுவில் நடந்தால் கோட்டில் பள்ளம் விழும். தனியாக நடந்தால் ஒரு பள்ளம். கைகோத்து இடைவெளி விட்டு நடந்தால் வளையங்களைப் போல அடுத்தடுத்துப் பள்ளங்கள். வெளியே நிற்பவர்கள் பள்ளங்களை மட்டும் பார்த்து, எத்தனை பேர், எந்த வரிசையில், எவ்வளவு வேகமாக நடந்தார்கள் என்று சொல்ல வேண்டும். முதலில் எல்.டி.ஆர். என்ற பத்து ரூபாய் ஒளியுணரியைப் போட்டோம், அது ஒளி மாற்றத்துக்கு மெதுவாகவே அசைவதால் விரலை வேகமாக வீசினால் பதிவாகவில்லை. போட்டோடிரான்சிஸ்டருக்கு மாறினோம். அது துடிப்பான கருவி. அங்கேதான் சிக்கல் வந்தது.

கண்காட்சி அன்று காலை, யாரும் குறுக்கே நடக்காதபோதே கோடு அலை அலையாக நெளிந்தது. மண்ணிணைப்பைச் சோதித்தேன், கம்பியை மாற்றினேன், நிரலைத் திட்டினேன். கடைசியில் ஓர் எட்டாம் வகுப்புப் பையன்தான் மின்விசிறியைக் காட்டினான். கதவுக்கு மேலிருந்த காற்றுத் திறப்பின் வழியாக வராந்தா வெளிச்சம் கசிந்து, விசிறியின் இறக்கைகளுக்கு நடுவே புகுந்து வந்துகொண்டிருந்தது. அவன் ரெகுலேட்டரைக் குறைத்தான், அலை அகன்றது. கூட்டினான்; நெருங்கியது. அதற்குள் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள்: நொடிக்குப் பதினைந்து பள்ளம், மூன்று இறக்கை, ஆகவே நொடிக்கு ஐந்து சுற்று, நிமிடத்துக்கு 300. திறப்பை அட்டையால் மூடப் போன நான் அட்டையைக் கீழே வைத்துவிட்டேன். பலகையில் ‘யுரேனஸின் வளையங்கள்’ என்று எழுதியிருந்தது. அன்று வந்தவர்களில் பாதிப்பேர் விசிறியைத்தான் பார்க்க வந்தார்கள். தலைமையாசிரியருக்கு வருத்தம். எனக்கு இல்லை. கண்ணால் எண்ண முடியாத சுழற்சியை வெளிச்சத்தின் குறைவிலிருந்து எண்ணிய பிள்ளைகள், 1977-இல் காவலூரில் நடந்ததைத்தான் செய்தார்கள்.

கருவிகளைப் பற்றி நம் ஊருக்கென்று சில எச்சரிக்கைகள் உண்டு. முதல் எதிரி வெயில். ஒரு புரொஜெக்டர் 3,000 லூமென் ஒளி தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர் பரப்பில் விழ வைத்தால், ஒரு சதுர மீட்டருக்கு 500 லூமென், அதாவது 500 லக்ஸ். நேரடி வெயில் ஒரு லட்சம் லக்ஸ். பகலில் வெட்டவெளியின் நிழல்கூடப் பத்தாயிரம் லக்ஸ் அளவுக்கு இருக்கும். பகல் பதினோரு மணிக்குத் திறந்த தாழ்வாரத்தில் புரொஜெக்டரை வைத்துவிட்டு, படம் தெரியவில்லை என்று வாங்கிய கடைக்காரரைக் குறை சொல்வதில் பயனில்லை. நம் வீடுகளில் பரவலாக இருக்கும் கறுப்புக் கடப்பா கல் தரை விழுந்த ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும்; மேலே வெள்ளை வேட்டி ஒன்றை இழுத்துக் கட்டுவது மலிவான தீர்வு. ஆழத்தை உணரும் கேமராக்களுக்கு வேறொரு தொல்லை. 2010 நவம்பரில் விளையாட்டுக்காக விற்பனைக்கு வந்த கினெக்ட் என்ற அத்தகைய கேமரா, வெளிவந்த சில நாட்களிலேயே கலைஞர்கள் கைக்குப் போனது. அது அகச்சிவப்புப் புள்ளிகளை எதிரே தூவி, அவை எப்படி இடம் மாறி விழுகின்றன என்பதிலிருந்து தூரத்தைக் கணக்கிட்டது. வெயிலில் அகச்சிவப்பு ஏராளம். புள்ளிகள் அதில் மூழ்கிப் போகும். மே மாதத்தில் நம் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும்போது பல புரொஜெக்டர்கள் தாமாகவே அணைந்துவிடும்; அவற்றின் இயக்க வரம்பே ஏறத்தாழ அவ்வளவுதான். ஆகவே நிகழ்ச்சியைப் பொழுது சாய்ந்த பிறகு வையுங்கள். மின்தடைக்கு யு.பி.எஸ். ஒன்று கட்டாயம்.

இன்னொன்று தாமதம். கேமரா நொடிக்கு 30 படம் எடுத்தால் ஒரு படத்துக்கு 33 மில்லிநொடி. நிரல் கணக்கிட இன்னும் கொஞ்சம். புரொஜெக்டர் காட்ட இன்னும் கொஞ்சம். எல்லாம் சேர்ந்து 100 மில்லிநொடிக்குள் இருந்தால் நம் செயலுக்கு உடனே பதில் வந்ததாகத் தோன்றும். அதைத் தாண்டிக்கொண்டே போனால், என்னைத்தான் பார்க்கிறதா, பக்கத்தில் நிற்பவரையா என்ற ஐயம் வந்துவிடும். சோதனை செய்யும் ஆசையும் அதோடு போய்விடும். படத்தின் நேர்த்தியைக் குறைத்தாவது தாமதத்தைக் குறையுங்கள் என்பதே மாணவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது.

கலை எங்கே என்ற பாதி இன்னும் மிச்சமிருக்கிறது. அதற்கு நான் பார்த்த நல்ல பாடம் கணினிக்கூடத்தில் கிடைக்கவில்லை. திரௌபதி அம்மன் திருவிழாவில் கிடைத்தது. பாரதக் கூத்தில் அர்ச்சுனன் தபசு அன்று, நட்டு வைத்த உயரமான தபசு மரத்தில் வேடம் கட்டியவர் பாட்டுப் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவார். மேலேயிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழத்தையும் வில்வத்தையும் விபூதியையும் பிடிக்கக் கீழே பெண்கள் முந்தானையை ஏந்தி நிற்பார்கள். பிள்ளை வரம் வேண்டுபவர்கள் அதில் பலர். படுகளத்து அன்று தரையில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனைச் சுற்றி, ஊரே ஆட்டத்துக்குள் வந்துவிடும். கூத்து டிஜிட்டல் கலைக்கு முன்னோடி என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. அப்படிப் பெருமை பேசுவதில் எனக்கு விருப்பமும் இல்லை. அதில் தெரிந்துகொள்ள ஒரு தொழில் நுணுக்கம் இருக்கிறது. கட்டியக்காரன் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பான். முன்வரிசை தூங்கினால் எழுப்புவான். ஓரத்தில் ஒதுங்கி நிற்பவரைப் பேச்சில் இழுப்பான். இழுத்தும் வராதவரை அவமானப்படுத்தாமல் விட்டுவிடுவான். ஊடாடும் படைப்புகளில் பெரும்பாலானவை தோற்பது இந்த இடத்தில்தான். கேமரா ஆளை அடையாளம் கண்டுவிடும். அவருக்குக் கூச்சம் என்பதை அது அறியாது. முதல் அடியை யார் வைப்பது, வைக்கத் தயங்குபவருக்குத் தூரத்திலிருந்தே ஒரு சிறு பதில் எப்படிக் கொடுப்பது, அவர் போனபின் என்ன மிஞ்சும் என்றெல்லாம் முடிவெடுப்பதுதான் கலைஞரின் வேலை. ‘பல்ஸ் ரூமி’ல் கைவிட்டுப் போனவரின் துடிப்பை அணைத்துவிடாமல் அடுத்த பல்புக்குத் தள்ளியது அப்படி ஓர் ஆளுடைய முடிவு, எந்தச் சென்சாரும் அதைச் சொல்லித் தந்திருக்காது.

பொறியியல் படிக்கவில்லையே என்ற உங்கள் தயக்கத்துக்கு வரலாற்றில் பதில் உண்டு. 1966 அக்டோபரில் நியூயார்க்கில் பத்துக் கலைஞர்களும் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த முப்பது பொறியாளர்களும் சேர்ந்து ஒன்பது மாலை நிகழ்ச்சிகளை நடத்தினார்கள். அதிலிருந்து பிறந்த அமைப்பு 1971-இல் நியூயார்க், ஸ்டாக்ஹோம், டோக்கியோ ஆகியவற்றோடு நம் அகமதாபாத்தையும் தட்டச்சிட்ட செய்தியைத் தொலைவுக்கு அனுப்பும் டெலக்ஸ் கருவியால் இணைத்து, பத்து ஆண்டுகளுக்குப் பின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று மக்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வழி செய்தது. ஒருவரே எல்லாம் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று அன்றே யாரும் எதிர்பார்க்கவில்லை. பிறகு, 2001-இல் கேசி ரியாஸ், பென் ஃபிரை இருவரும் கலைஞர்களுக்காகவே ‘பிராசசிங்’ என்ற நிரல்மொழியை உருவாக்கி இலவசமாக வெளியிட்டார்கள். 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா ஊரில் ஆர்டுயினோ பிறந்தது. பள்ளிப் பிள்ளையும் இரண்டு வாரத்தில் இவற்றில் ஏதாவது செய்துவிடலாம். பொருட்களுக்குச் சென்னை ரிச்சி தெரு இருக்கிறது; காட்பாடியில் காலை ரயில் ஏறினால் மாலை திரும்பிவிடலாம். அதற்கும் முன், உங்கள் ஊர்த் திருவிழாவுக்குச் சீரியல் விளக்கு கட்டும் எலக்ட்ரீசியனிடம் ஒரு மாலை பேசிப் பாருங்கள். அம்மன் உருவம் கண் சிமிட்டவும் சக்கரம் சுழலவும் எந்த விளக்கு எந்த நொடியில் எரிய வேண்டும் என்ற வரிசையை அவர் பல ஆண்டுகளாகக் கட்டமைத்து வருகிறார். அவருக்கு நிரல் எழுதுபவர் என்ற பெயர் மட்டும்தான் இல்லை.

முதல் படைப்பாக எதைச் செய்வது? மாணவர்கள் பெரும்பாலும் கொண்டுவரும் யோசனை, மிதித்தால் விரியும் கோலம். அதை நானும் ஒரு தடவை செய்து கையைச் சுட்டுக்கொண்டேன். பிள்ளைகள் ஓடி ஓடி மிதித்தார்கள். வயதான பெண்கள் ஒருவர்கூட மிதிக்கவில்லை, சுற்றி வந்து போனார்கள். வாசலில் போட்ட கோலத்தை மிதிக்கக் கூடாது என்று சிறு வயது முதல் பழகிய காலுக்கு, வெளிச்சத்தால் போட்டதும் கோலம்தான். தப்பு அவர்களுடையது அல்ல, என்னுடையது.

ஆகவே தரையை விட்டுவிட்டு மேசைக்கு வாருங்கள். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணியும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 1974-இலேயே கோலத்தை இலக்கண விதிகளாக எழுதிக் கணினி அறிவியல் ஆய்வாக வெளியிட்டார்கள். அடித்தளம் நமக்கு அங்கேயே இருக்கிறது. ஒரு வெள்ளை மேசை. மேலே ஒரு சாதாரண வெப்கேமராவும் சிறிய புரொஜெக்டரும். மேசையில் ஒரு கிண்ணம் புளியங்கொட்டை. வருபவர் கொட்டைகளைப் புள்ளிகளாகச் சதுரமாகவோ செவ்வகமாகவோ அடுக்குகிறார். கேமரா வரிசைகளை எண்ணுகிறது. புரொஜெக்டர் பாய்ப்பின்னல் போன்ற எளிய சிக்குக் கோலத்தைப் புள்ளிகளைச் சுற்றி இழுக்கிறது, ஒவ்வொரு தனிக் கம்பிக்கும் ஒரு நிறம். நாலுக்கு ஐந்து வைத்தால் எல்லாப் புள்ளிகளையும் ஒரே கம்பி சுற்றி வந்து, தொடங்கிய இடத்தில் முடியும். நாலுக்கு ஆறு வைத்தால் இரண்டு கம்பி. நாலுக்கு நாலு என்றால் நான்கு. இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அத்தனை கம்பிகள். இதை எங்கேயும் எழுதி வைக்காதீர்கள். ஆறுக்கு ஒன்பது வைத்துப் பார்த்துவிட்டு, மூன்று நிறம் வந்ததும் ஒருவர் மற்றொருவரைத் திரும்பிப் பார்ப்பார். கோலம் போட்டுப் பழகிய ஓர் அம்மா, எண்களைப் பார்த்தவுடனே, இது ஒரே கம்பியில் முடியாது என்று முன்கூட்டியே சொல்லக்கூடும். அவரிடம், எப்படித் தெரியும் என்று கேளுங்கள்.

புரொஜெக்டரையும் ஒரு கணினியையும் கல்லூரியில் இரவல் வாங்கிவிட்டால், மற்றவை எல்லாம் இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். கேமரா கொட்டையைப் பிரித்தறிய மேசைமேல் ஒரே சீரான வெளிச்சம் வேண்டும்; குழல்விளக்கை நேர் மேலே வைக்காமல் இரு பக்கமும் வையுங்கள், இல்லாவிட்டால் குனிபவரின் தலைநிழலையும் ஒரு புள்ளியாக எண்ணிவிடும். புளியங்கொட்டை இரண்டு படியாவது எடுத்து வையுங்கள். சின்னப் பிள்ளைகள் பல்லாங்குழிக்கென்று பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.